காதில் விழாத ஆங்கிலம்

விடிந்தும் விடியாத நேரத்தில் வேலூர்ப் பகுதியின் பள்ளிகொண்டாவைச் சுற்றியுள்ள கிராமங்களின் கூட்டுரோடுகளில் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. சாப்பாட்டுப் பையோடு ஏறும் பெண்கள் பேசிக்கொள்வது தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். "நேத்து எங்க லைன்ல நாப்பது பேர் ரிஜெக்ட் ஆயிடுச்சு. சூப்பர்வைசர் ஓவர்டைம் போடச் சொல்றாரு, பர்மிஷன் கேட்டா லீவே போட்டுக்கோங்குறாரு" என்ற மாதிரித்தான் பேச்சு போகும். இந்தச் சிறிய பேச்சுக்குள் ஏழு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. 'பேர்' என்பதும் அவற்றில் ஒன்று. ஷூ கம்பெனியில் அதற்கு ஆள் என்று பொருளில்லை, ஜோடி என்று பொருள்.

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவருக்கும் இந்தச் சொற்கள் தெரியும். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், அப்பர், சோல், லைனிங், சைஸ் என்று வேலையின் சொற்கள் ஒரு பக்கம். போனஸ், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கூலியின் சொற்கள் இன்னொரு பக்கம். எந்த வாத்தியாரும் சொல்லித்தந்தவை அல்ல. அம்மா பேசியது, பக்கத்து வீட்டு அக்கா பேசியது, மைக்கில் கேட்டது, டிவியில் கேட்டது என்று காது வழியாகத் தானாக ஏறியவை. தமிழ்நாட்டில் ஆங்கிலம் முதலில் வந்து சேரும் இடம் காது. ஏபிசிடி எழுதும் நோட்டு அதற்கெல்லாம் பிறகுதான்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இந்த வாசல் மூடியிருக்கிறது. அதனால் அது இழப்பது பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் பேசும் தமிழுக்குள் கலந்து கிடக்கும் ஆங்கிலத்தையும், அதனோடு சேர்த்து அந்தத் தமிழில் ஒரு பகுதியையும் அது இழக்கிறது. காது கேளாத பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது இங்கிருந்து தொடங்குவதில்லை.

பேச்சு பெரும்பாலும் விலக்கில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் செவித்திறன் குறையுடைய மாணவர், இரண்டு மொழிப்பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்குப் பெறலாம். இது இரக்கத்தில் கொடுக்கப்பட்ட சலுகை. பல பிள்ளைகளின் சான்றிதழைக் காப்பாற்றிய சலுகையும்கூட. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 17-ஆம் பிரிவில் இரண்டாம், மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு அளிப்பதைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் அதே 17-ஆம் பிரிவு, சைகை மொழியிலும் பிரெய்லிலும் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்றும், அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய 16-ஆம் பிரிவு, பார்வையோ செவியோ இரண்டுமோ இல்லாதவர்களுக்கு அவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தரப்பட வேண்டும் என்கிறது. விலக்குக்கு ஒரு சான்றிதழும் ஒரு கையெழுத்தும் போதும். ஆசிரியருக்குப் பணியிடம் வேண்டும், பயிற்சி வேண்டும், ஆண்டுதோறும் சம்பளம் வேண்டும். எது முதலில் நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விலக்குப் பெற்றுத் தேறிய ஒரு பையனை எண்ணிப் பார்க்கலாம். பதினெட்டு வயதில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்கிறான். கையில் வரும் அட்டைப்பெட்டியில் ஆர்டிகிள் நம்பர், கலர், சைஸ் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எண் புரியும், நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும், மற்றதைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்துவிடலாம். கெட்டிக்காரப் பையன் என்று பெயரும் எடுப்பான். ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளோ, வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் மாற்றமோ, சம்பளச் சீட்டின் பிடித்தங்களோ அவனுக்கு இன்னொருவர் சைகை காட்டினால்தான் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் நிலைமை இன்னும் கடுமை. முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அது அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற உயிர்க்கொல்லி வாயு கிளம்பும். "டேய், அதைத் தொடாதே" என்ற கூச்சல் காது கேளாதவரை எட்டாது. டிரம்மின் மேல் ஒட்டிய லேபிள்தான் அவருக்கு எச்சரிக்கை, அந்த லேபிளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம்.

இது ஒரு பையனின் கதை மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம்.

பேச்சு ஆங்கிலத்தை இவர்களுக்கு எட்டவைக்க முதலில் கையாளப்பட்ட வழி உதடு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் சைகையை விலக்கி உதட்டசைவையும் பேச்சுப் பயிற்சியையும் முதன்மையாக்கியது. உலகின் பல பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் கட்டிப்போடப்பட்ட காலம் அது. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னாளைய மாநாடு ஒன்று வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆயிற்று. தமிழ்நாட்டில் 1890-களில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1969-இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே காதொலிக் கருவி மாட்டித் தாயையும் உடன் உட்காரவைத்துப் பேச்சைப் பழக்கும் வழியில் பெயர்பெற்றது. இப்போது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவைச் சிகிச்சையும் கிடைக்கிறது. நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டு, தொடர்ந்து பயிற்சியும் பெற்ற குழந்தைக்கு இவை பெரிய வரம்.

நேரம் தப்பிய குழந்தைக்கு உதடுதான் மிஞ்சுகிறது. உதடு மோசமான புத்தகம். கண்ணாடி முன் நின்று ஓசையில்லாமல் 'படம்', 'மடம்' என்று சொல்லிப் பார்த்தால் விளங்கும். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ஆங்கிலத்தில் பேட், மேட் இரண்டும் இப்படியே. பந்தடிக்கும் மட்டைக்கான பேட் சொல்லும் தட்டிக்கொடுப்பதற்கான பேட் சொல்லும்கூட உதட்டில் ஒன்றுதான். தொண்டைக்கு அருகில் பிறக்கும் ககர ஓசை வெளியே தெரிவதே இல்லை. மீசை இருந்தால் பாதி போச்சு, பேசுகிறவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முழுதும் போச்சு.

வேலூர்ப் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் பல வீடுகளின் மொழி உருது. தெலுங்கு பேசும் வீடுகளும் குறைவில்லை. தெரு தமிழ், பள்ளிக்கூடம் தமிழோ உருதோ ஆங்கிலமோ. உதட்டைப் படிப்பவருக்கு எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பேசுகிறார் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தான் விடுபட்ட ஓசைகளை ஊகித்து நிரப்ப முடியும். வீட்டில் உருது உதடு, வாசலில் தமிழ் உதடு, வகுப்பில் ஆங்கில உதடு என்று மூன்றையும் பார்த்து வளரும் பிள்ளை எதையும் முழுதாகப் பிடிக்க முடியாமல் போவதற்கு அதன் அறிவு காரணமில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை பிள்ளைகளுக்கு மந்தம் என்ற பட்டம் கட்டப்பட்டிருக்கிறது!

உதட்டில் தெரியாத ஓசையைக் கையால் காட்டலாமே என்று யோசித்தவர் ஓரின் கார்னெட். அமெரிக்காவின் காலடெட் காது கேளாதோர் கல்லூரியில் பணியாற்றிய அவர் 1966-இல் 'கியூட் ஸ்பீச்' என்ற முறையை உருவாக்கினார். பேசும்போதே கை முகத்தருகே நான்கு இடங்களில், எட்டு வடிவங்களில் நகரும். உதடு ஒன்றாகத் தெரியும் ஓசைகளைக் கைவடிவம் பிரித்துக் காட்டிவிடும். இது சைகை மொழி இல்லை, பேச்சையே கண்ணுக்குக் காட்டும் ஒரு குறிப்பு முறை. கற்றுக்கொண்ட தாய்தகப்பன் வீட்டில் இருந்தால் பயன் நிச்சயம். அப்படி ஒருவரும் இல்லாத இடத்தில் இதனால் ஒன்றும் ஆகாது.

எழுத்து ஆங்கிலத்துக்கு வருவோம். காது கேளாத பிள்ளைகள் தடுமாறும் இடம் பெரிய சொற்கள் அல்ல. 'எலிஃபண்ட்' என்ற சொல்லைப் படத்தோடு காட்டினால் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள். இஸ், வாஸ், தி, டு, ஆஃப், இன் போன்ற பொடிச் சொற்களும், இறந்தகாலத்துக்குக் கடைசியில் ஒட்டும் ஈறும்தான் கையைவிட்டு நழுவுகின்றன. பேச்சில் அழுத்தம் இல்லாமல் ஓடிவிடும் இவை உதட்டில் தெரிவதில்லை, படம் வரைந்தும் காட்ட முடியாது. கேட்கும் குழந்தை ஆயிரக்கணக்கான முறை கேட்டுக் கேட்டு வசமாக்குவதைக் கேளாத குழந்தை வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் பார்த்து வசமாக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இங்கேதான் சைகை மொழி வகுப்புக்குள் வந்தாக வேண்டும். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. மொழியியலாளர் உல்ரிக்கே செஷான் இதை விரிவாக ஆராய்ந்து 2000-இல் நூலாக வெளியிட்டார். அந்த மொழியில் கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "உன் பெயர் என்ன" என்ற தமிழின் வரிசைதான் அங்கும். இஸ் என்ற இணைப்புச் சொல் தமிழிலும் இல்லை, சைகையிலும் இல்லை. ஆங்கிலமோ கேள்விச் சொல்லைத் தலையில் வைத்து, நடுவில் ஓர் இஸ்-ஐயும் நுழைக்கிறது. ஆக, காது கேளாத தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பலவும் காது கேட்கும் தமிழ்ப் பிள்ளை செய்யும் பிழைகள்தான். வேறுபாட்டை நேருக்கு நேர் வைத்து, "நம் மொழியில் இப்படி, ஆங்கிலத்தில் அப்படி" என்று விளக்க ஒரு மொழி வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு அதைத் தமிழில் விளக்குகிறோம். காது கேளாத பிள்ளைக்குச் சைகையில் விளக்க வேண்டும்.

ஷூவின் நாக்கில் தைக்கும் ஒரு துணி லேபிளையே எடுத்துக்கொள்ளலாம். 'மேட் இன் இந்தியா' என்ற மூன்று சொற்கள். இந்தியா என்பது வரைபடத்தில் இருக்கிறது, கைக்குச் சைகையும் இருக்கிறது. மேட் என்பது செய்தல் என்ற வினையின் முடிந்துபோன வடிவம். நடுவில் நிற்கும் இன்தான் இரண்டையும் கட்டுகிறது. தமிழில் 'இந்தியாவில்' என்று அந்த இன் ஊர்ப்பெயரின் வாலில் உருபாக ஒட்டிக்கொள்கிறது, வரிசையும் தலைகீழாகிறது. இந்த ஒரு லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, சைகை தெரிந்த ஆசிரியர் ஒரு வாரத்துக்குப் பாடம் நடத்தலாம். 'மேட் இன் ஆம்பூர்' என்று எழுதச் சொல்லலாம். அப்பா எங்கே வேலை செய்கிறார், அம்மா எங்கே பிறந்தாள் என்று இன்-ஐக் கையோடு பழக்கலாம்.

இது வெறும் யோசனை இல்லை. இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் செஷான் தலைமையிலான குழு 2015-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் ஒன்று இந்தியா, கானா, உகாண்டா நாடுகளில் இதே வழியில் நடந்தது. இந்தியாவில் இந்தூர் அதன் முக்கிய இடங்களில் ஒன்று. கற்றுக்கொடுத்தவர்களும் காது கேளாதவர்கள், பேச்சு முழுவதும் சைகையில். இலக்கணப் புத்தகத்தை முன்வைத்துத் தொடங்காமல், கற்பவர்கள் அன்றாட வாழ்க்கையில் எதிர்கொண்ட ஆங்கிலத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். விளம்பரப் பலகை, படிவம், செல்போனில் வந்த குறுஞ்செய்தி என எதுவும் பாடமாகலாம். அதற்கு 'வாழ்க்கை ஆங்கிலம்' என்று பொருள்படப் பெயரும் வைத்தார்கள். பள்ளிகொண்டாவில் அப்படி ஒரு வகுப்பு வைத்தால் பாடத்துக்குப் பஞ்சமே இருக்காது. டோல்கேட் பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரை ஊரே ஆங்கிலத்தால் எழுதப்பட்டிருக்கிறது.

அரசின் பக்கமும் கருவிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 2015-இல் டெல்லியில் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களுடன் சைகை அகராதியை வெளியிட்டது. 2021-இல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. செல்போனில் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் எழுத்தாகித் திரையில் ஓடும் சொல்லுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டுமே!

இனி, கண்ணையும் காதையும் சேர்த்து இழந்த குழந்தை. கர்ப்பத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் இதைத் தடுக்கத்தான். அஷர் நோய்க்குறி இன்னொன்று. பிறவியில் காது போய், வளர வளரப் பார்வையும் சுருங்கும். சைகையைக் கண்ணால் பார்த்துப் பழகியவர் பிறகு அதைத் தொட்டுப் படிக்க வேண்டியிருக்கும். 2011 கணக்கெடுப்பில் இவர்களுக்குத் தனிக் கட்டம் இல்லை, பல்வகை ஊனம் என்ற பொதுக் கட்டத்துக்குள் மறைந்துபோனார்கள்.

இந்தக் கல்வியின் வரலாறு கையிலிருந்து கைக்குப் போன வரலாறு. அமெரிக்காவின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு 1837-இல் லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமி வந்தாள். இரண்டு வயதில் காய்ச்சல் அவள் கண்ணையும் காதையும் பறித்திருந்தது. பள்ளியின் இயக்குநர் சாமுவேல் ஹவ், கரண்டி, சாவி போன்ற பொருள்களின் மேல் மேடெழுத்தில் அவற்றின் ஆங்கிலப் பெயரை ஒட்டித் தடவிப் பார்க்க வைத்தார். பின்னாளில் அதே பள்ளியில் படித்த ஆனி சல்லிவன், லாராவோடு பேசிப் பேசி உள்ளங்கையில் விரலெழுத்து எழுதப் பழகினார். 1887 மார்ச்சில் அவர், லாராவைப் போலவே கண்ணையும் காதையும் இழந்திருந்த ஹெலன் கெல்லர் என்ற சிறுமியிடம் போனபோது எடுத்துச் சென்ற பொம்மைக்கு உடை தைத்துக் கொடுத்தது லாரா. அந்தப் பொம்மையைக் குறிக்கும் சொல்தான் ஹெலனின் கையில் எழுதப்பட்ட முதல் ஆங்கிலச் சொல்.

ஹெலனின் ஒரு கையில் தண்ணீரை ஓடவிட்டு மறு கையில் அந்தச் சொல்லை எழுதிய தண்ணீர்க் குழாயடிக் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு சல்லிவன் எடுத்த முடிவு அதைவிடப் பெரிது. சொற்பட்டியல் கற்பிப்பதை விட்டுவிட்டு, கைக்குழந்தையின் காதில் தாய் ஓயாமல் பேசுவதுபோல ஹெலனின் கைக்குள் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே இருந்தார். பொடிச் சொற்கள் எல்லாம் அப்படித்தான் ஹெலனுக்கு வந்து சேர்ந்தன. ஷூ கம்பெனிப் பஸ்ஸில் காது வழியாக நடக்கும் அதே காரியம் அங்கே உள்ளங்கை வழியாக நடந்தது.

நம் ஊர்ச் சைகையில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவார்கள். ஒரு கையின் ஐந்து விரல் நுனிகள்தான் ஐந்து உயிரெழுத்துகள். கட்டைவிரல் நுனி ஏ, சுட்டுவிரல் ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. பார்வை இருப்பவர் இதைப் பார்த்துப் படிக்கிறார். பார்வையும் இல்லாதவருடைய விரல் நுனியையே தொட்டால் அதுவே தொடு எழுத்தாகிவிடுகிறது. வீட்டில் உள்ள எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பெர்கின்ஸ் பள்ளிக்கும் பள்ளிகொண்டாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள். அந்தப் பள்ளியில் மரவேலை கற்பித்த டேவிட் ஆபிரகாம் உருவாக்கி 1951-இல் உற்பத்திக்கு வந்த பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சுக் கருவியைப் பாலாற்றுக்கு அக்கரையில் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் தயாரித்து வந்திருக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களின் மறுவாழ்வுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு 1960-களில் பிறந்த நிறுவனம் அது. கருவி சுமார் ஐந்து கிலோ கனம். நடுவில் இடைவெளிக் கட்டை, இருபுறமும் மூன்று மூன்று விசைகள், ஆக பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிக்கும் ஆறு. இடக்கையின் சுட்டுவிரலுக்கு முதல் புள்ளி, வலக்கையின் சுட்டுவிரலுக்கு நான்காம் புள்ளி. வேண்டிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து முழுதாகத் தாளில் மேடாக எழும்பும், உடனே தடவிப் படிக்கலாம். வரி முடியப் போகும்போது சின்ன மணி ஒன்று அடிக்கும். காதும் கேளாத குழந்தைக்கு அந்த மணி பயன்படாது. நகரும் தலை கரையை முட்டி நிற்பதைக் கையால் உணர்ந்து அது அடுத்த வரிக்குப் போகப் பழகுகிறது.

பிரெய்லில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலப் பிரெய்லின் சுருக்க முறையில் தி, அண்ட், ஃபார், ஆஃப், வித் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி ஒற்றைக் கட்டம் இருக்கிறது. ஃபார் என்பதற்கு ஆறு புள்ளியும் எழும்பும். உதட்டில் கரைந்துபோகும் பொடிச் சொல் விரலுக்கு அடியில் ஓர் எழுத்தின் உறுதியோடு நிற்கிறது. தமிழ்ப் பிரெய்லும் இதே ஆறு புள்ளிகளால் ஆனதுதான். க, ம, ப ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தின் கே, எம், பி எழுத்துகளுக்கான புள்ளிகளே. ஒரு மொழியில் விரல் பழகிய குழந்தைக்கு அடுத்த மொழி அந்நியமாக இருக்காது.

முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த தேசியப் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. சென்னை மயிலாப்பூரில் 1970-இல் தொடங்கிய கிளார்க் பள்ளி இவர்களுக்கென்று வகுப்பு நடத்திய முன்னோடிகளில் ஒன்று. ஆனால் கண்ணும் காதும் இல்லாத குழந்தைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று ஆசிரியர் வேண்டும், அதுவும் தினமும் வேண்டும். கிராமங்களில் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளையைத் தேடிப்போகும் சிறப்புப் பயிற்றுநர் பல ஊர்களைக் கையில் வைத்திருப்பவர், அதுவும் தொகுப்பூதியத்தில். அவர் எவ்வளவுதான் மனம்வைத்தாலும் சல்லிவன் செய்ததைச் செய்ய அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது?

விலக்கு இருக்கட்டும். தேர்வு என்ற கண்டத்தைத் தாண்ட அது வேண்டும். ஆனால் விலக்குப் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பெண் இல்லாத ஆங்கில வகுப்பு ஒன்று சைகையில் நடக்க வேண்டும், அதை நடத்துபவர் முடிந்தவரை காது கேளாதவராகவே இருக்க வேண்டும். சட்டத்தின் 17-ஆம் பிரிவில் விலக்கும் சைகை ஆசிரியர் நியமனமும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன, ஒன்றை மட்டும் நடத்திவிட்டு மற்றதை மறக்க அரசுக்கு அனுமதி இல்லை. ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றும் ஆம்பூர், இராணிப்பேட்டைக் கம்பெனிகளும் டிரம் லேபிளுக்குப் பக்கத்தில் ஒரு படக்குறியும் தமிழ்ச் சொல்லும் ஒட்டுவதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் படிப்பவர் வீட்டிலோ தெருவிலோ காது கேளாத பிள்ளை இருந்தால், இன்றைக்கே இடக்கையை விரித்து ஐந்து விரல் நுனிகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ. நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் அதைக் காட்டட்டும்.